பின்பக்கமும் தங்க டப்பாவும்

உலகத்தில் எந்தப் பொருளையும் நேராகப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் பாலக்கோட்டில்தான் இருக்கிறார். பிஸ்கட் பாக்கெட், தேன் பாட்டில், ஊதுபத்தி, உப்பு என்று எதைக் கையில் கொடுத்தாலும் முதல் வேலையாக அதைக் கவிழ்ப்பார். முன்பக்கம் என்ன படம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வைத்தால்கூடத் திருப்பிப் பார்த்து, எந்த அச்சகம் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் "பொண்ணு யாருங்க?" என்பார்.

அவர் பேர் பின்பக்கம்.

பிள்ளைகளே, சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போகச் சிரிக்க நேரம் குறைவு.

அந்தப் பேர் வந்தது டீக்கடையில். டீ மாஸ்டர் டீயோடு ஒரு கேக்கை நீட்டியிருக்கிறார். இவர் கேக்கை வாங்கவில்லை. "பின்பக்கம் காட்டுங்க" என்றிருக்கிறார். கேக் வந்த உறையைத்தான் கேட்டார். மாஸ்டர் கையில் வடிகட்டியோடு நிமிர்ந்து, "யாரோடதுங்க?" என்று கேட்டிருக்கிறார். கடையே குலுங்கிவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான். சொந்தப் பேர் ஆதார் அட்டையில் இருக்கும். ஆனால் ஆதார் அட்டையையும் அவர் திருப்பித்தான் நீட்டுவார் என்பதால் அதையும் யாரும் பார்த்ததில்லை.

அவர் தொழில் என்ன என்று கேட்டால் உங்களுக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கும். பேனர் அடிக்கும் தொழில். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஃப்ளெக்ஸ் கடை. எங்கள் தெருவில் மூன்று பிரியாணிக் கடைகள் உண்டு. மூன்றிலும் 'பாலக்கோட்டின் ஒரே ஒரிஜினல்' என்று பேனர் தொங்கும். மூன்றையும் அடித்தவர் இவர்தான். ஒரே ஒரிஜினல் எப்படி மூன்று இருக்கும் என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"அவங்கவங்க குடுக்கற மேட்டர அடிக்கறேன். பெரிய எழுத்துல இருக்கறதெல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருந்து போனதுதான்பா. அத நானே எப்பிடி நம்பறது? சின்ன எழுத்துலதான் பயந்து பயந்து உண்மைய எழுதியிருப்பாங்க" என்றார்.

அதனால் சின்ன எழுத்தைத் தேடித் தேடிப் படிப்பார். மளிகைக் கடையில் ஒரு பாதாம் பவுடர் டப்பா. முன்பக்கம் ஒரு மரத்துப் பாதாமையே உலுக்கிக் கொட்டியதுபோலப் படம். இவர் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி, டப்பாவை மூக்குவரைக்கும் கொண்டுபோய்ப் படித்தார். பாதாம் எங்கோ கடைசி வரியில் கலர் பொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "உள்ள இருக்கறதவிடப் படத்துல இருக்கற பாதாம்தான் ஜாஸ்தி. சத்து வேணும்னா அட்டையத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்க வந்தவர்கள் டப்பாவை வைத்துவிட்டு நழுவ, கடைக்காரர் கொஞ்ச நாள் இவர் வந்தாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

எல்லா நேரமும் சரியாகச் சொல்வார் என்று நினைக்காதீர்கள். உப்புப் பாக்கெட்டின் பின்னால் அயோடின் என்று இருப்பதைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குத் தடவுகிற பழுப்பு மருந்தைக் கம்பெனிக்காரன் சோற்றில் கலக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். வீட்டுக்கு வீடு பாக்கெட் உப்பைக் கொட்டிவிட்டுக் கல் உப்புக்கு மாறினார்கள். சுகாதார நர்ஸ் வந்து, அயோடின் உடம்புக்கு வேண்டியது என்று விளக்கி, இவரை நடுத்தெருவில் நிற்கவைத்துத் திட்டினார். "தெரியலம்மா, தப்புத்தான்" என்று நின்றார். அதற்கப்புறம் இவர் எதைத் திருப்பிப் படித்தாலும் தெருவில், "இன்னிக்கு எந்த உப்புங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த உப்பால்தான் என் சம்சாரம் மல்லிகா அவரை நம்பவில்லை.

மல்லிகாவுக்குச் சர்க்கரை நோய். சின்னப் பாப்பா வயிற்றில் இருந்தபோது வந்தது, அப்புறம் போகவில்லை. சர்க்கரை நோய் என்றால் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ளத் தெரியாமல் ரத்தத்திலேயே தேக்கி வைத்துவிடும். மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும். போடாவிட்டால் கண், கால், உயிர் எல்லாவற்றுக்கும் ஆபத்து. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான், டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சு ஒன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே வெள்ளைச் சர்க்கரைக்கு அஸ்கா என்று பேர். டீக்கடையில் "அஸ்கா கம்மி" என்றுதான் கேட்போம். சர்க்கரை என்று சொன்னால் அது நோய், இல்லாவிட்டால் வெல்லத்தைப் பொடித்த நாட்டுச் சர்க்கரை. டாக்டர் இனிப்பே கூடாது என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வருவதற்குள் அது 'அஸ்கா கூடாது' என்று ஆகிவிடும். எங்கள் தெருவில் நோய் வந்தவர்கள் எல்லாரும் அஸ்காவைத் தொட மாட்டார்கள். காப்பியில் வெல்லம் போட்டுக் குடிப்பார்கள். அஸ்கா எதிரி, வெல்லம் சொந்தக்காரன்.

இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு ஒரு கம்பெனிக்காரர் எங்கள் ஊருக்கு வந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இலவச ஆலோசனைக் கூட்டம். வாசலில் பெரிய பேனர். 'மாத்திரைக்கு டாட்டா! ஒரு சிட்டிகை அஸ்கா இல்லை!' மல்லிகா தெருப் பெண்களோடு போனாள். மண்டபத்துக்கு நாற்காலி இறக்கப் போயிருந்த நானும் கடைசியில் நின்றேன். மேடையில் கோட்டு போட்ட ஒருத்தர். அவர் கையில் பளபளவென்று தங்க நிறத்தில் ஒரு டப்பா. காலையில் ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர், மூன்றே மாதத்தில் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்றார். பேச்சில் அப்படி ஒரு தேன்.

அந்த நேரத்தில் மேடைக்கு மேலே இருந்து ஒரு குரல் வந்தது. ஏணியில் நின்றுகொண்டு இன்னொரு பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார் நம்ம பின்பக்கம். இரண்டு பேனரும் அவர் கடையில் அடித்ததுதான்.

"சார், அந்த டப்பாவக் கொஞ்சம் திருப்புங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. கோட்டுக்காரரும் சிரித்தார். அண்ணன் ரொம்ப உயரத்தில் இருக்கிறார், கீழே வந்தால் பேசலாம் என்றார்.

"இதுல சக்கர இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க சார்."

கோட்டுக்காரர் கண்ணை மூடித் திறக்கும் நேரம் கூடத் தயங்கவில்லை. "அஸ்காவாண்ணா? ஒரு சிட்டிகை கெடையாது."

பிள்ளைகளே, கேட்டது சர்க்கரை. பதில் சொன்னது அஸ்காவுக்கு. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். இவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் டப்பாக்கள் கைமாறிவிட்டன. மல்லிகா கையிலும் ஒன்று.

சாயந்திரமே வீட்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, அந்த டப்பாவ ஒரு நிமிசம் குடு."

அவள் அரை மனதோடு கொடுத்தாள். டப்பாவின் பின்பக்கம் தங்க நிறத்தின் மேலேயே வெள்ளி நிறத்தில் எறும்பு மாதிரி எழுத்து. நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் இப்படிச் சாய்த்து அப்படிச் சாய்த்து, தலையையும் கூடவே சாய்த்து, கண்ணாடியில் முகம் பார்க்கிற கோழி மாதிரி ஆடிக்கொண்டு படித்தார். முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு பேர், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகிற மாவுப்பொடிதான் என்று பின்னால் தெரிந்தது. அடுத்து வெல்லத்தூள். அடுத்து பேரீச்சைத் தூள். அதற்கப்புறம்தான் கேழ்வரகு, வெந்தயம் எல்லாம். கடைசியில், டப்பாவின் அடி விளிம்பில், 'இது மருந்து அல்ல.'

"மொதல்ல எது இருக்குதோ அதுதான் ஜாஸ்தி. ரெண்டாவதே வெல்லம். நீ குடிக்கறது பானகம் தங்கச்சி" என்றார்.

மல்லிகாவுக்கு அது குற்றமாகவே தெரியவில்லை. வெல்லம்தானே, அஸ்கா இல்லையே என்றாள். இவர் வெல்லமும் ரத்தத்தில் போய் அதே வேலையைத்தான் செய்யும் என்றார். அவள் உப்பு விஷயத்தை எடுத்தாள். இவர் அது வேறு இது வேறு என்றார். குரல் ஏறியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"எல்லாம் சரிங்கண்ணா. அந்தப் பேனர அடிச்சது யாரு?" என்று கேட்டாள் மல்லிகா.

அவர் டப்பாவை மெதுவாக வாசல்படியில் வைத்தார். தெருவைத் தாண்டிப் போனார். அன்றைக்கு அவர் கடை லைட் எரியவில்லை.

மல்லிகா மாத்திரையை நிறுத்திவிட்டாள். பவுடரையும் மாத்திரையையும் ஒன்றாகச் சாப்பிட்டால் ஒன்றோடொன்று சண்டை போடும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். நான் டாக்டரைக் கேட்டுவிடலாம் என்றேன். டாக்டர் மாத்திரையைத்தானே எழுதுவார், அவருக்கு அது தொழில் என்றாள். எனக்கும் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். குட்டி லோடு வண்டி ஓட்டுகிறேன். தோட்டங்களில் தக்காளிப் பெட்டி ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது. ஓடுகிற ஓட்டத்தில் வீட்டுச் சண்டை என்றால் பயம்.

முதலில் அவளுக்கு உற்சாகம்தான். உடம்பு இளைத்தது. ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். தெருப் பெண்கள், பவுடர் வேலை செய்கிறது என்றார்கள். அப்புறம் தாகம் வந்தது. குடத்துத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்த வேகத்தில் பாத்ரூமுக்கு ஓடினாள். கோட்டுக்காரருக்குப் போன் போட்டால், உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, இன்னொரு டம்ளர் சேர்த்துக் குடியுங்கள் என்றார். தக்காளிப் பெட்டியின் முனை பட்டு அவள் காலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. அது ஆறவில்லை. ஆறாததோடு சிவந்து, வீங்கிவிட, அவள் காலை லேசாக இழுத்து நடக்க ஆரம்பித்தாள். அதுவும் நஞ்சுதானாம்.

கெட்டதெல்லாம் நல்லதாகிவிட்ட வீட்டில் யாருக்கு எதைச் சொல்லி எச்சரிப்பது?

எதிர்க் கடையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வர அவருக்கு அனுமதி இல்லை. அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். ஒரு காலையில் நான் வண்டியை எடுக்க வெளியே வந்தால், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். டப்பாவின் பின்பக்கத்தை அப்படியே பெரிதாக்கியிருந்தார். எறும்பு எழுத்தெல்லாம் எருமை அளவுக்கு ஆகியிருந்தது. தலைவர் படம் இல்லை, மாலை இல்லை, கூப்பிய கை இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரின். வெல்லத்தூள். பேரீச்சைத் தூள். கீழே ரத்தச் சிவப்பில், 'இது மருந்து அல்ல.'

தெருவழியாகப் போன டவுன் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். ஒரு பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மால்டோடெக்ஸ்ட்ரின்னு சொல்றாங்களே, புதுசா வந்த தலைவருங்களா? எந்தக் கட்சி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் மல்லிகா வாசலில் நிற்கிறாள். முகம் சுண்டிப் போயிருந்தது. தன் நோயைத் தெருவில் தொங்கவிட்டுவிட்டார் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் கோட்டுக்காரரின் ஆட்கள் பைக்கில் வந்து ஃப்ளெக்ஸைக் கிழித்தார்கள். கடையைப் பூட்ட வைப்போம் என்று அவர் சட்டையைப் பிடித்தார்கள். டப்பா வாங்கிய எங்கள் தெருக்காரர்களே சிலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். வாங்கிவிட்ட பொருள் பொய் என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது இல்லையா. அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சாயந்திரம் அதே இடத்தில் இன்னொன்று தொங்கியது. இந்த முறை இன்னும் பெரிது.

அதையும் கிழித்தார்கள். மல்லிகா ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் நான் லோடு இறக்கிவிட்டு வெயில் ஏறுகிற நேரத்துக்கு வீடு திரும்பினேன். பின்பக்கம் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் சர்க்கரை பார்க்கிற மெஷின். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் எவ்வளவு சர்க்கரை என்று நம்பர் காட்டுமே, அது. அவருக்கும் சர்க்கரை உண்டு. அதனால்தான் பாக்கெட்டில் அடைத்த எதையும் வாயில் வைக்க மாட்டார். மல்லிகா நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எழுந்து போகச் சொல்லியும் போகவில்லை போல.

"சண்டைக்கு வரல தங்கச்சி. ஒரு டம்ளர் கலக்கிக் குடு. உன் கையால. நான் குடிக்கறேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருக்கும் நோய் இருக்கிறதே. ஆனால் அவர் அதற்குள் விரலைக் குத்தி, மெஷினில் வந்த நம்பரை அவளுக்குக் காட்டிவிட்டார். சாதாரண நம்பர். அவள் வீம்புக்கு உள்ளே போய், டப்பாவில் போட்டிருக்கிறபடி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

அப்புறம் காத்திருந்தோம். இதுமாதிரி ஒரு காத்திருப்பை நான் பார்த்ததில்லை. டவுன் பஸ் ஒன்று போனது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. தெருப் பெண்கள் இரண்டு பேர் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து நின்றார்கள். அரை மணி நேரத்தில் ஒரு தடவை குத்திப் பார்த்தார். நம்பர் ஏறியிருந்தது. சும்மா ஏறவில்லை, படிக்கட்டுக்குப் பதில் லிஃப்டில் ஏறியிருந்தது. மறுபடி குத்தினார். இன்னும் மேலே. மெஷினை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மல்லிகா கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "உங்களுக்கு ஒத்துக்கலையோ என்னமோ" என்றாள். குரலில் பழைய வேகம் இல்லை. அப்புறம் அவளே வந்து உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

அவர் குத்தினார். ரத்தம் வைத்தார். மெஷின் யோசித்தது. நம்பர் வரவில்லை. இங்கிலீஷில் எச், ஐ என்று இரண்டே எழுத்து வந்தது.

நான் எழுத்துக் கூட்டினேன். ஹாய். என் மகள் போனில் தோழிகளுக்கு அனுப்புகிற அதே ஹாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஹாய்னு வருது. நல்லா இருக்கறவங்களுக்கு மெஷின் அப்பிடித்தான் சொல்லும் போல" என்றேன்.

மல்லிகா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாண்ணா, உங்களுக்குத்தான் திட்டு, எனக்கு வணக்கம்" என்றாள். துணி காயப்போட்டவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்படி ஒரு எழுத்தை அவர் அந்த மெஷினில் பார்த்ததே இல்லை. வழக்கம்போல மெஷினைத் திருப்பினார். பின்னால் ஒன்றும் இல்லை. உறையைத் திருப்பினார். உறைக்குள் விரலைவிட்டு, மடித்து மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை உருவினார். தமிழ் இருக்கிற பக்கத்தைத் தேடி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"வண்டிய எடு" என்றார்.

என்ன என்று கேட்டேன்.

"அது ஹாய் இல்லப்பா, ஹைய்யி. மெஷினால எண்ண முடியாத அளவுக்கு ஏறிப்போச்சுன்னு அர்த்தம். வண்டிய எடு நீ."

மல்லிகா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். பின்பக்கம் பின்பக்கத்திலேயே, காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற வழியாக இல்லை. அவர் பின் ஜன்னல் கம்பிவழியாக அந்தக் காகிதத்தை விட்டு விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். மயக்கம் வருகிறதா பார், மூச்சு வாங்குகிறதா பார். அப்புறம், "வாயில பழ வாசன அடிக்குதான்னு மோந்து பாருப்பா" என்றார்.

சர்க்கரை மிஞ்சிப் போனால் மூச்சில் பழ வாசனை வருமாம். நான் குனிந்து மோந்து பார்த்தேன். பிள்ளைகளே, எங்கள் வண்டி தக்காளி வண்டி. சீட்டு, ஸ்டீரிங், என் சட்டை, எல்லாம் பழ வாசனைதான். எதை எதிலிருந்து பிரிப்பது? தெரியவில்லை என்றேன். மறுபடி மோந்து பார் என்றார். மல்லிகா கண்ணை மூடியபடி, "ரெண்டு பேரும் சும்மா இருங்களேன்" என்றாள். அவள் அப்படி ஒரு வார்த்தை பேசியதே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

கேட் திறந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்ட்ரெச்சர், ஊசி, இரண்டு கையிலும் பாட்டில். டாக்டரம்மா இளவயசு. என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். நான் திணறினேன். பின்பக்கம் தன் சட்டைக்குள்ளிருந்து தங்க டப்பாவை எடுத்து நீட்டினார். வருகிற அவசரத்தில் அதை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா வாங்கின வேகத்தில் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தை லைட்டில் சாய்த்துப் படித்தார். நம்ம பின்பக்கம் என்னைப் பார்த்தார். அவ்வளவு கவலையிலும் அந்தப் பார்வையில் ஒரு சின்னக் கொண்டாட்டம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். காலையும் காப்பாற்றிவிடலாம் என்றார். அப்புறம்தான் இவர் வேர்த்துப்போய் நிற்பதைப் பார்த்து, இவரையும் உட்கார வைத்துச் சோதித்தார். நம்பரைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நோயை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தும் எதற்காகக் குடித்தீர்கள் என்று கேட்டார்.

"பேனர் நான் அடிச்சதுங்க" என்றார்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவருக்கும் ஒரு படுக்கை போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மல்லிகா பிழைத்துக்கொண்டாள். கண் திறந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, அண்ணன் எங்கே என்று கேட்டாள். ஆண்கள் வார்டில் படுத்துக்கொண்டு கையில் ஏற்றுகிற பாட்டிலைத் திருப்பிக் காட்டச்சொல்லி நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

கோட்டுக்காரர் அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. வேறு ஊரில், வேறு நிறத்து டப்பாவோடு இருப்பார். எங்கள் தெருவிலேயே சில பேர் டப்பாவைக் குப்பையில் போட்டார்கள். ஒரு சிலர் இன்னும் குடிக்கிறார்கள், மாத்திரையோடு சேர்த்து. அதனால் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது டப்பாவில் வந்த ஒன்றை நம்பி மாத்திரையை நிறுத்தினால், சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை, டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். உங்களைச் சின்னப் பிள்ளை என்று சொன்னாலும் விடாதீர்கள்.

மல்லிகா இப்போது வாரத்தில் ஒரு நாள் காலையில் வாசலில் உட்கார்ந்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறாள். அந்த நேரத்துக்கு அவர் கடையைப் பாதி திறந்தபடி போட்டுவிட்டு, பேப்பர் வாங்க வந்தவர் மாதிரி வந்து நிற்பார். நம்பரை நான் சத்தமாகப் படிப்பேன். அவர் மெஷினைப் பார்க்கிறதே இல்லை, மல்லிகா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் பேனர் வேலை இருந்து அவருக்கு நேரமாகிவிடும். அடுப்பில் பால் பொங்கினாலும், ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தாலும், அவர் தெருவைத் தாண்டி வருகிற வரைக்கும் நாங்கள் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.